ஜானவாசக் காரின் வலது விளக்கு

அருளானந்தம் சார் போய்விட்டார். காலையில் அவர் மகள் போன் செய்தாள். தூக்கத்திலேயே, சத்தமில்லாமல் என்றாள்... சத்தமில்லாமல் அவர் எதையும் செய்து நான் பார்த்ததில்லை.

எழுபதுகளில் சாந்தோம் பக்கம் ஒரு ஸ்கூலில் நான் கணக்கு டீச்சர், அவர் கெமிஸ்ட்ரி. லேபில் எவனாவது டெஸ்ட் ட்யூபை முகத்துக்கு நேரே பிடித்தால் அவர் போடும் சத்தம் என் வகுப்பு வரை கேட்கும்.

எனக்குக் கல்யாணம் நிச்சயமானபோது மாப்பிள்ளை வீட்டார் கேட்டது ஒன்றுதான். முந்தின நாள் ஜானவாசத்துக்கு, அதாவது மாப்பிள்ளை அழைப்பு ஊர்வலத்துக்கு, ஓப்பன் கார். அது பெண் வீட்டுப் பொறுப்பு.

பெரிய முகூர்த்த நாள், ஊரெல்லாம் கல்யாணம். மயிலாப்பூர், தி.நகர் எங்கும் ஒரு கார் கிடைக்கவில்லை. "சம்பந்தி மூஞ்சில எப்படிடீ முழிப்பேன்?" என்று அப்பா சாப்பாட்டையே விட்டுவிட்டார்.

ஸ்டாஃப் ரூமில் புலம்பினேன். "நம்மகிட்ட ஒண்ணு இருக்கு டீச்சர்" என்றார் சார்.

பழைய இங்கிலீஷ் கார். யாரோ புண்ணியவான் வீட்டு கேட்டுக்கு அடிக்கிற பச்சையை அதன் மேல் அப்பியிருந்தார்.

"இதுல மாப்பிள்ளைய உக்கார வச்சா குப்பை வண்டின்னு நெனச்சுப்பா" என்றார் அப்பா.

"அடியில அலுமினியம் சார். பெயிண்ட எடுத்துட்டா வெள்ளிப் பாத்திரம்தான்."

எங்கள் வீட்டுக் கொல்லையில்தான் வேலை. லேப் கையுறை, மூக்கில் கர்ச்சீஃப். பக்கத்தில் நெருப்பே ஆகாது என்று அம்மாவின் சாம்பிராணியைக் கூட அணைக்க வைத்தார்.

பெயிண்ட் ரிமூவரைப் பிரஷ்ஷால் தடவுவார். வெயிலில் காயாமல் இருக்க மேலே வாழை இலை. ஊறியதும் மரக் கரண்டியால் மெதுவாக வழிப்பார். இரும்பு பட்டால் கீறல் விழுமாம்.

கல்யாண ஏற்பாட்டைப் பார்க்க வந்த மாப்பிள்ளையின் மாமா, பானட் மேல் வரிசையாக இலை போட்டிருந்ததைப் பார்த்து நின்றுவிட்டார். "என்ன ஓய், காருக்குதான் முதல் பந்தியா?"

அப்பாவுக்கு மானம் போய்விட்டது. "நம்மாத்து கேட்டுக்கு காஸ்டிக் சோடாதான் போட்டேன். அரை மணியில பெயிண்ட் உரிஞ்சுண்டு வந்துடுத்து" என்றார் சாரிடம்.

"அது இரும்பு சார். அலுமினியம் கரைஞ்சே போயிடும். தயவுசெஞ்சு தொடாதீங்க!" தெருவுக்கே கேட்டது.

அப்பாவுக்கு மட்டும் கேட்கவில்லை. மறுநாள் நாங்கள் ஸ்கூலில் இருந்தபோது, முன்பக்க வலது விளக்கைச் சுற்றியிருந்த அலுமினிய வளையத்தைக் கழற்றிக் காஸ்டிக் வாளியில் போட்டார்.

அடுப்பே இல்லாமல் வாளி கொதித்தது. "ஏன்னா, ரசம் மாதிரி நுரைக்கறதே!" என்று அம்மா அலற, அப்பா அசையாமல் நின்றாராம். சாயங்காலம் வெளியே எடுத்தது பாதி கடித்த அப்பளம்.

சார் பார்த்தார். இன்றைக்குக் கூரை பறக்கும் என்று நினைத்தேன்.

"கண்ணுல ஒண்ணும் தெறிக்கலையே சார்?" என்று மட்டும் கேட்டார்.

ஜானவாசத்தன்று கார் பளபளவென்று வந்தது. வலது விளக்கைச் சுற்றி மட்டும் ஒரு கூடை மல்லிகை. ஓட்டியது சார்தான். மண்டபத்து மாடி ஜன்னலிலிருந்து நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த மாமா சும்மா இருப்பாரா... பூவைத் தூக்கிப் பார்த்தார். "இங்க ஒரு வளையத்தைக் காணோமே! யார் பண்ண வேலை?"

கீழே அப்பாவின் முகம் எனக்குத் தெரிந்தது. மேல்துண்டால் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"நான்தான் சார்" என்றார் அருளானந்தம் சார். "காஸ்டிக் சோடால போட்டுட்டேன். யோசிக்கல."

"கெமிஸ்ட்ரி வாத்தியாராம்! பசங்க கதி என்னவோ!" கூட்டமே சிரித்தது. என் அப்பாவும் சிரித்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

மறுநாள் பந்தியில் சார் இலைக்கு அப்பாவே பரிமாறினார். ஜாங்கிரியை மட்டும் போட்டுக்கொண்டே இருந்தார். "போதும் சார்... போதும் சார்" என்று சார் கையைக் குறுக்கே நீட்ட, அந்தக் கை மேலேயே ஒன்று விழுந்தது.

புக்ககத்தில் இன்றுவரை அவருக்கு 'காஸ்டிக் வாத்தியார்' என்றுதான் பெயர். அப்பா காலமான பிறகு, இனிமேலாவது உண்மையைச் சொல்லிவிடட்டுமா என்று சாரிடம் கேட்டேன்.

"வேணாம் டீச்சர். உங்கப்பா திரும்பி வந்து ஜாங்கிரி போட ஆரம்பிச்சா இந்த வயசுல நம்மால முடியாது" என்றார்.

இன்று சொல்லிவிட்டேன் சார். கோபித்துக்கொள்ளாதீர்கள்... நல்லபடியாகப் போய்ச் சேருங்கள்.