அமராவதி சொன்ன பெர்மிட்

மலேசியாவில் கோலா சிலாங்கூருக்குப் பக்கத்து ரப்பர்த் தோட்டமொன்றில் பால்மரம் சீவிய இராஜம்மாவுக்கு ஒரே மகள், அமராவதி. கணவன் இறந்தபின் அவளைத் தனியாகத்தான் வளர்த்தாள். 1983இல் மகளுக்குத் திருச்சியில் ஒரு கல்லூரியில் விலங்கியல் படிக்க இடம் கிடைத்தது. தாத்தா பிறந்த ஊர் அங்கிருந்து இரண்டு மணி நேரப் பயணம். ஆனாலும் அங்கே அவள் வெளிநாட்டு மாணவி. தங்கும் அனுமதியை ஆண்டுதோறும் வெளிநாட்டினர் பதிவு அலுவலகத்தில் புதுப்பிக்க வேண்டும்.

“தமிழ்ப் பொண்ணுதானேம்மா, இந்த வரிசையில எதுக்கு நிக்கிற?” என்று முதல் வருடம் ஒரு குமாஸ்தா கேட்டார். அவள் மலேசியப் பாஸ்போர்ட்டை எடுத்து நீட்டினாள்.

மூன்றாம் வருடம் புதுப்பிக்கப் பாஸ்போர்ட்டைக் கொடுத்திருந்த சமயத்தில் தந்தி வந்தது. அம்மாவுக்கு வயிற்றில் கட்டி, முற்றிவிட்டது. அலுவலகத்துக்கு ஓடினாள். பாஸ்போர்ட்டை இப்போதே வாங்கிக்கொண்டால் விண்ணப்பம் ரத்தாகும், கோலாலம்பூரில் புதிதாக விசா கேட்க வேண்டும், அதற்கு மாதக்கணக்காகலாம் என்று அதே குமாஸ்தா பொறுமையாக விளக்கினார். பரீட்சைக்கு மூன்று மாதம் இருந்தது. அவள் கையெழுத்துப் போட்டுப் பாஸ்போர்ட்டை வாங்கிக்கொண்டாள்.

தோட்டத் தொழிலாளர் லயத்து வீட்டில் பாயில் கிடந்த இராஜம்மா மகளைக் கண்டதும் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

“படிப்ப விட்டுட்டு ஏன் வந்த? நான் என்ன இன்னிக்கே போயிடுவனா?”

அமராவதி விசாவுக்கு எழுதிப் போட்டாள். அம்மாவைக் குளிப்பாட்டினாள், கஞ்சி ஊட்டினாள். பெர்மிட் கடுதாசி வந்ததா என்று இராஜம்மா தினமும் கேட்பாள். இல்லை என்றால் பாதிக் கஞ்சியை ஒதுக்கிவிடுவாள்.

இரண்டு மாதம் கழித்துக் கல்லூரியிலிருந்து கடிதம் வந்தது. வருகை நாள் போதாததால் பெயரை நீக்கிவிட்டார்கள். அதைக் கையில் பிடித்தபடியே அமராவதி சொன்னாள்:

“பெர்மிட் வந்துருச்சும்மா. போய்ப் பரீட்சை எழுதலாமாம்.”

படிக்கத் தெரியாத இராஜம்மா அந்தத் தாளை வாங்கித் தடவிப் பார்த்தாள். அன்று கஞ்சியை மிச்சம் வைக்கவில்லை. பக்கத்து வீட்டு லெட்சுமியைக் கூப்பிட்டு மகளுக்குப் பெட்டி கட்ட உதவச் சொன்னாள். அம்மா பார்த்துக்கொண்டிருக்க, அமராவதி ஒவ்வொரு துணியாக மடித்துப் பெட்டிக்குள் வைத்தாள்.

அதிலிருந்து பதினோராம் நாள் இராஜம்மா இறந்தாள். கருமக்கிரியை முடிந்த வாரம் விசா உண்மையாகவே வந்தது.

அடுத்த ஆண்டு அமராவதி ரவாங்கில் ஒரு தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தாள். படிப்பை ஏன் முடிக்கவில்லை என்று கேட்பவர்களிடம் எல்லாவற்றையும் சொல்வாள், அம்மாவிடம் சொன்ன பொய்யை மட்டும் சொல்லமாட்டாள்.