அஞ்சு நட்சத்திரச் சாபம்

ஃபிக்ரியா அக்காவுக்கு அறுபத்திரண்டு வயசு. சர்க்கரை உண்டு, முழங்கால் வலி உண்டு, வாய்க்கு மட்டும் ஒரு நோயும் கிடையாது. எங்கள் தஹைஷா அகதி முகாமில் அவளிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளாத கடைக்காரன் ஒருத்தன் இல்லை. அப்படிப்பட்டவளைத்தான் ஒரு பெரிய சமூக வலைத்தளக் கம்பெனி "ஆபத்தான அமைப்பு" என்று சொல்லி, அவள் பக்கத்தை இணையத்திலிருந்து தூக்கிவிட்டது.

பக்கத்தில் அப்படி என்ன வெடிகுண்டு வைத்திருந்தாள்? பேர். வெறும் பேர். நாற்பத்தெட்டுப் போரில் எங்கள் சனங்களை விரட்டியடித்தார்களே, அந்தப் பைத் ஸுமைரா ஊரில் எந்த வீட்டு ஆட்கள் இப்போது எந்தத் தேசத்தில் இருக்கிறார்கள் என்று ஆறு வருஷமாக ஒவ்வொருத்தரையும் தேடிப்பிடித்து எழுதியிருந்தாள். எழுநூறு குடும்பத்துக்கு மேல். வேறெங்கும் எழுதி வைக்கவில்லை. "அது எங்கே ஓடிப்போகப் போவுது?" என்பாள். ஓடிப்போய்விட்டது.

அன்று காலை என் வீட்டு அடுப்படியில் வந்து தொப்பென்று உட்கார்ந்தாள். "ஸுஹைர், என் சனங்களை ரெண்டாம் தடவையா விரட்டிட்டானுங்கடி," என்று அழுதாள். அவள் அழுது நான் பார்த்ததே இல்லை. நாலு தடவை முறையீடு எழுதிப்போட்டோம். நாலுக்கும் ஒரே நிமிஷத்தில் பதில்: மறுபடி பார்த்தோம், முடிவு சரிதான். எந்தக் கண்ணால் பார்த்தானோ பாவி!

அந்த மே மாதம் எங்கள் ஆட்களில் பாதிப் பேருக்கு இதே கதி. ராமல்லா நகரத்துப் பிள்ளைகள் இணையத்தில் ஒரு வழி சொன்னார்கள்: எல்லாரும் போய் அந்தக் கம்பெனியின் செயலிக்கு ஒரே ஒரு நட்சத்திரம் குத்துங்கள், கீழே மனசில் இருப்பதை எழுதுங்கள். ஒன்று என்றால் செருப்படி, ஐந்து என்றால் முத்தம்.

பக்கத்து வீட்டுக் கல்யாணத்துக்குத் திராட்சை இலையில் சோறு வைத்துச் சுருட்ட முப்பது பெண்கள் கூடியிருந்தார்கள். எப்படிக் குத்துவது என்று என்னைக் கேட்டார்கள். நான் நர்ஸ், நாலெழுத்துப் படித்தவள், கேட்கவா வேணும்! என் போனைப் பார்த்து, "இடது ஓரத்து நட்சத்திரத்தை அமுக்குங்க" என்றேன். அக்கா அதை அப்படியே குரல் பதிவு பண்ணி இந்தப் பக்கத்து மூன்று முகாமுக்கும் அம்மான் நகரத்துச் சொந்தங்களுக்கும் அனுப்பிவிட்டாள்.

என் போன் இங்கிலீஷில் ஓடுகிறது. அவர்கள் போனெல்லாம் அரபி. அரபியில் எல்லாமே வலதிலிருந்து இடது பக்கம் போகும், நட்சத்திரமும்தான். இடது ஓரத்தில் இருந்தது அஞ்சாவது.

அறுநூறு பெண்கள் அஞ்சு அஞ்சாக அள்ளிக் கொடுத்திருந்தார்கள். கீழே, "உன் வீடு இடிய!" "உன் ஏழு தலைமுறைக்கும் நெட்டு வராம போக!"

மறுநாள் விஷயம் தெரிந்ததும் அக்கா தெருவிலேயே என்னைப் பிடித்துக்கொண்டாள். "படிச்ச கழுதை! நீயெல்லாம் ஊசி போடுறியே, எந்தப் பக்கம்டி குத்துவே?"

ரெண்டு நாள் கழித்து, ராமல்லாப் பிள்ளைகள் போட்ட ஒற்றை நட்சத்திரங்களை எல்லாம் கள்ள மதிப்பீடு என்று ஏதோ ஒரு இயந்திரம் கூட்டிப் பெருக்கி வெளியே கொட்டிவிட்டது. எங்களுடையதை யாரும் தொடவில்லை. எண்ணத் தெரிந்த அந்த இயந்திரத்துக்குப் படிக்கத் தெரியவில்லை போலிருக்கிறது. எங்கள் சாபமெல்லாம் அஞ்சு நட்சத்திரத்தோடு ஜம்மென்று உட்கார்ந்திருந்தது.

அக்கா அதைப் பார்த்தாள். மேலும் கீழுமாகத் தள்ளித் தள்ளி ஒவ்வொன்றாக எண்ணினாள்.

"நட்சத்திரத்துல எவளும் கை வைக்கக் கூடாது," என்றாள் கடைசியில். "திட்டை மட்டும் அழிச்சிட்டு, வீட்டுப் பேரை எழுதுங்க. எத்தனை பேரு, எங்கே இருக்கீங்க, எல்லாம்."

எழுதினோம். "பைத் ஸுமைரா, மேட்டுத்தெரு, குயவர் வீடு. பதினோரு பேர். இப்போது இர்பித்." அஞ்சு நட்சத்திரம். "செக்குக்கார வீடு. நாலு பேர். பெர்லின்." அஞ்சு நட்சத்திரம். யாரோ இந்தக் கூத்தைப் படம் பிடித்து உலகம் முழுக்கப் பரப்பிவிட்டார்கள்.

அக்காவின் பக்கம் திரும்பி வரவே இல்லை. ஆனால் அஞ்சாவது வாரம் அதே மதிப்பீட்டு வரிசையில் சிலி நாட்டிலிருந்து ஒருத்தன் தப்பும் தவறுமான அரபியில் எழுதியிருந்தான்: "என் தாத்தா பைத் ஸுமைரா. கிணற்றடி வீடு. அங்கே யாராவது மிச்சம் இருக்கிறீர்களா?"

"கிணத்தடி வீட்டுல ஒரு உசிரும் தப்பலேன்னு எங்கம்மா சாகுற வரைக்கும் சொல்லிட்டிருந்தா," என்றாள் அக்கா. போனை என்னிடம் தராமல் ஒற்றை விரலால் தானே தட்டினாள்:

"இருக்கோம். இத்தனை வருஷமா எங்கேடா போய்த் தொலைஞ்சே?"