பஸ் டிக்கெட் வைத்த பக்கம்

அம்மு,

நீ எனக்கு பைபிள் படித்துக் காட்டி நிறுத்திய பக்கத்தில் வைத்த பஸ் டிக்கெட்டை, நீ போன பிறகு இந்த ஆறு மாதமாக நான் நகர்த்தவே இல்லை.

இன்று பௌர்ணமி. கீழ்பென்னாத்தூர் பஸ்ஸில் ஒரே கூட்டம். மடியில் அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்திருந்தேன். நெற்றி நிறைய விபூதியோடு, கிரிவலம் போகிற ஒரு பெண் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"இன்னாக்கா, ஒரே பக்கத்தையே பாத்துனு இருக்கீங்க?"

"எழுத்துக்கூட்டித்தான் படிப்பேன்மா. என் பொண்ணுதான் படிச்சுக் காட்டும். இப்ப அவ உயிரோட இல்ல."

"குடுங்க" என்று வாங்கிச் சத்தமாகப் படித்தாள். செத்துப்போன லாசருவின் கல்லறைக்குப் போகும்போது இயேசு அழுத இடம். சட்டென்று நிறுத்தினாள்.

"உங்க சாமியே அழுவுறாரு. நீங்க எதுக்குக்கா அடக்கினு இருக்கீங்க?"

சபையில் எல்லோரும் "அழாதீங்க சிஸ்டர், விசுவாசமா இருங்க" என்றுதான் சொன்னார்கள்.

பஸ் ஸ்டாண்டு வரும்வரை அழுதேன். அவள் பக்கத்தைத் திருப்பி, லாசரு உயிரோடு எழுந்து வருகிறவரை படித்துவிட்டு, டிக்கெட்டை அங்கே வைத்துக் கொடுத்தாள்.

எனக்கு வேதம் படித்துக் காட்டியது கிரிவலக்காரி என்றால் சபையில் என்ன சொல்வார்களோ, தெரியவில்லை.

அம்மு, நீ நிறுத்திய பக்கத்தைத் தாண்டி வந்துவிட்டேன். உனக்குக் கோபமாடி?