மழை கழுவிய சாம்பல்

காதர் பாய் இறந்துவிட்டார் என்று அவருடைய மருமகன் போனில் சொன்னபோது, "நெசமாவா? யாரு பாத்துச் சொன்னது?" என்று கேட்டுவிட்டேன். அந்த நேரத்தில் கேட்கக் கூடாத கேள்விதான். ஆனால் பாயோடு இத்தனை காலம் வேலை பார்த்தவனுக்கு வேறு கேள்வி வராது. அவரை அறிந்தவர்களுக்கு இது புரியும்.

திண்டுக்கல்லில் நாங்கள் இருவரும் கூட்டாக நடத்தியது தண்ணீரும் மண்ணும் பரிசோதிக்கும் சின்ன ஆய்வுக்கூடம். இருவரும் வேதியியல் படித்தவர்கள். எனக்கு முடிவு வந்தால் போதும். பாய்க்கு அந்த முடிவின் மேலேயே சந்தேகம் வரும். கழுவி வைத்த பாட்டிலை மறுபடி கழுவுவார். கல்யாண வீட்டில் ரோஸ்மில்க் கொடுத்தால்கூட, "இது எந்த ஊருத் தண்ணி?" என்று விசாரித்துவிட்டுத்தான் வாயில் வைப்பார். அவரோடு விருந்துக்குப் போக எனக்குக் கூச்சமாக இருக்கும்.

ஆத்தூர்ப் பக்கம் கைவிட்ட கல்குவாரி ஒன்றை நிலக்கரிச் சாம்பல் கொட்டி மூட ஒரு ஒப்பந்தக்காரர் கிளம்பினார். குவாரியை ஒட்டி முத்துலட்சுமி என்பவரின் கிணறு. அவர் வீட்டுக்குக் குடிதண்ணீரும் மல்லிகைக்குப் பாய்ச்சலும் அதில்தான். சாம்பலில் இருக்கும் ஆர்சனிக், போரான் எல்லாம் மழையில் கரைந்து கிணற்றில் இறங்குமா என்று நாங்கள் பார்த்துச் சொல்ல வேண்டும். ஒப்பந்தக்காரரே ஒரு பை சாம்பல் கொண்டுவந்தார். தண்ணீரில் போட்டு, நாள் முழுக்கக் குலுக்கி, வடிகட்டிப் பார்த்தோம். ஒன்றும் இறங்கவில்லை.

"நல்ல சாம்பல்தான் பாய்," என்றேன்.

"இம்புட்டு நல்ல சாம்பல் எங்கயும் கெடையாது அப்பு. வண்டிய எடு."

ஒப்பந்தக்காரர் சாம்பல் எடுத்தது, சாம்பலில் செங்கல் அறுக்கும் ஒரு களத்தில். அங்கே இரண்டு குவியல்கள் கிடந்தன. முன்னால் இருந்தது ஐப்பசி மழை முழுக்க நனைந்தது. பின்னால் தார்ப்பாய்க்குக் கீழே புதுச் சாம்பல். எதில் அள்ளியது என்று பாய் கேட்க, ஒப்பந்தக்காரர் முன்குவியலைக் காட்டி, "அள்ளத் தோதா இருந்துச்சு பாய்," என்றார். தெரிந்து செய்தாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

"ஒருக்காக் காய்ச்சி எறக்குன டீத்தூள்ல மறுபடி என்னத்தச் சாயம் எறங்கும்?" என்றார் பாய். தார்ப்பாய்ச் சாம்பலை நாங்களே அள்ளிவந்து பார்த்தோம். ஆர்சனிக் இறங்கியது, போரானும் இறங்கியது. அப்படியே எழுதிக் கொடுத்தோம். ஒப்பந்தக்காரர் வேறெங்கோ நல்ல அறிக்கை வாங்கிக் குவாரியை மூடிவிட்டார். அந்த ஆத்திரம் எனக்கு இன்னும் அடங்கவில்லை.

பிறகு மாதாமாதம் முத்துலட்சுமி ஒரு பாட்டிலில் கிணற்றுத் தண்ணீர் கொண்டுவருவார். ஒவ்வொரு முறையும் கெடுதல் ஒன்றும் இருக்காது.

"அப்ப இனி வராதுல்ல பாய்?"

"இன்னும் வரலம்மா. வராதுன்னு நான் சொல்லல. மாசம் தவறாமக் கொண்டா."

பாயை அடக்கம் செய்த மறுவாரம் முத்துலட்சுமி வந்து, அழுது, துக்கம் விசாரித்துவிட்டு, பையிலிருந்து பாட்டிலை எடுத்து மேசையில் வைத்தார். சோதித்தேன். ஆர்சனிக் இல்லை, போரான் இல்லை. அந்தக் கிணற்றில் எப்போதும் இருக்கும் உப்புகூட இல்லை. உடனே போன் செய்து, கிணற்றில்தான் எடுத்தீர்களா என்று கேட்டேன்.

"கரண்டு இல்ல சார். தொட்டியில மொண்டேன். மழ பேஞ்சு ரொம்பிக் கெடந்துச்சு." பிறகு, "பாய் போயிட்டாருன்னு இருந்தேன். நீங்களும் அவரு மாதிரியே கேக்குறீக," என்றார்.

பாய் எனக்கு விட்டுப்போனது அந்தச் சந்தேகம்தான். நாளைக் காலையில் ஆத்தூர் போகிறேன். கழுவி வைத்திருந்த பாட்டிலை எடுத்து மறுபடி கழுவிக் கவிழ்த்திருக்கிறேன்.