சீர்வரிசையில் ஒரு கீபோர்டு

எனக்கு எழுதிப் பழக்கமில்லை. பத்தாவதோடு படிப்பு நின்றுவிட்டது. பனியன் கம்பெனியில் பேக்கிங் வேலை. பெட்டிகளின் மேல் சைஸும் கலரும் எழுதுவதோடு சரி. நாலு பேர் கூடிய இடத்தில் வாய் திறக்கவே கூசுகிறவன், இதை எழுத உட்கார்ந்தது அதிகப்பிரசங்கித்தனம்தான். பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அக்கா மகளுக்குச் சாமளாபுரத்தில் மாப்பிள்ளை அமைந்தது. வீட்டை ஒட்டியே விசைத்தறி ஓட்டுகிற குடும்பம். அக்கா மகள் நல்லூரில் ஒரு டீச்சர் வீட்டில் கீபோர்டு கற்றுக்கொண்டு, அங்கேயே சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்து வந்தாள். கல்யாணத்துக்குப் பிறகும் வகுப்பு எடுக்கலாமா என்று நிச்சயத்தன்று மாப்பிள்ளையின் அம்மாவிடம் கேட்டாள். "பாக்கலாங் கண்ணு" என்றார் அவர். எங்கள் பக்கத்தில் பாக்கலாம் என்றால் பெரும்பாலும் இல்லை என்றுதான் பொருள்.

தாய்மாமன் சீராக நான் பீரோ எடுத்துத் தருவதாக இருந்தது. அதைப் பற்றிப் பேசத்தான் அவள் எங்கள் வீட்டுக்கு வந்தாள்.

"பீரோ வேண்டாங்க மாமா. கீபோர்டு வாங்கிக் குடுங்க. சீர்ல வந்துட்டா அத எங்கியாச்சும் வெச்சுத்தானுங்களே ஆகோணும்."

"சீலைய அதுக்குள்ள மடிச்சு வெக்கப் போறியா அம்மிணி?" என்று என் மனைவி சிரித்தாள். ஆனால் வேண்டாம் என்று சொல்லவில்லை. கடைக்கும் என்னோடு வந்தாள்.

கடைப் பையன் ஒன்றை எடுத்து வைத்து, வாசித்துப் பாருங்கள் அண்ணா என்றான். யார் பார்க்கிறார்கள் என்று சுற்றிலும் பார்த்துவிட்டு ஒரு விரலால் ஒரு கட்டையை அழுத்தினேன். சத்தம் கடை முழுக்கப் போனது. கையை எடுத்துவிட்டேன்.

"பெல் அடிச்சுட்டு ஓடற பையனாட்ட நிக்கறீங்க" என்றாள் மனைவி.

எனக்குத் தெரிந்ததெல்லாம் பெட்டி பார்ப்பதுதான். மூலை நசுங்கவில்லை, டேப் பிரியவில்லை, அடியில் ஈரமில்லை. அதையே வாங்கிக்கொண்டு வந்தோம்.

கல்யாணத்துக்கு முதல் நாள் சாயங்காலம் மேளத்தோடு சீர் கொண்டுபோக வேண்டும். புறப்படும் முன் மனைவி ஒவ்வொரு சாமானுக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்துக்கொண்டே வந்தாள். குத்துவிளக்குக்கு வைத்தாள். சீலைத் தட்டுக்கு வைத்தாள். கீபோர்டுக்கு வந்ததும் கை நின்றுவிட்டது. அதன் உடம்பு முழுக்கக் கறுப்பு.

"ஏனுங்க, நல்ல காரியத்துல கறுப்பு மேல எப்படிங்க வெக்கறது?"

எனக்கும் அது நியாயமாகவே பட்டது. வெள்ளைக் கட்டைகளின் மேல் வைத்தாள். பன்னீர் விட்டுக் கரைத்த சந்தனம், மூன்று இடத்தில், தாராளமாக. கறுப்பு வெளியே தெரியாமல் சிவப்புத் துண்டால் சுற்றி எடுத்துப் போனோம்.

மண்டபத்தில் சாமான்களைப் பரப்பித் துண்டைப் பிரித்ததும் மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர், "அம்மிணி ஒரு பாட்டு வாசிக்கட்டுமே" என்றார். பெண்ணைக் கூட்டிவந்து உட்கார வைத்தார்கள். இரண்டு வரி நன்றாகத்தான் வந்தது. பிறகு அழுத்திய கட்டை ஒன்று மேலே எழவில்லை. அவள் கையை எடுத்த பிறகும் அந்த ஒரே சத்தம் இழுத்துக்கொண்டே இருந்தது.

"தறியில நாடா சிக்கிக்கிச்சாட்ட இருக்குது" என்றார் பெரியவர். அவர்கள் பக்கம் எல்லோரும் சிரித்தார்கள்.

"மாமன் வெளையாட்டுச் சாமான் வாங்கியாந்துட்டாரு போங்க" என்றது பின்னாலிருந்து ஒரு பெண் குரல்.

அக்கா மகள் நகத்தால் கட்டையை நெம்பினாள். இடுக்கில் சந்தனம் இறங்கியிருந்தது. என் மனைவி அதைப் பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். நான் சுவிட்சை அணைத்தேன். அவமானத்தில், மாப்பிள்ளையின் அம்மாவிடம் நானே போய்ப் பேசினேன்.

"தப்பா நெனச்சுக்காதீங்க. இத எடுத்துட்டுப் போயிட்டு பீரோ அனுப்பிடறனுங்க."

அக்கா மகள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். அவள் வகுப்பை நானே இல்லை என்று ஆக்கிவிட்டேன் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. 

அந்த அம்மா குனிந்து கட்டைகளைப் பார்த்தார். குங்குமம் கலைந்திருந்தாலும் சந்தனம் தெரிந்தது.

"சந்தனம் வெச்ச சீர ஆராச்சும் திருப்பி எடுத்துட்டுப் போவாங்களா? என்னங்க நீங்க" என்றார். பிறகு பெண்ணிடம் திரும்பினார். "ஏங் கண்ணு, படிக்க வர்ற புள்ளைங்க எத்தன பேரு இருப்பாங்க?"

"ஏழெட்டுப் பேருங்க அத்தை."

"செருப்ப முன்னாடி வாசல்லயே உட்டுட்டு வரோணும். தறிக்குடோன் பக்கம் ஒருத்தரும் போகக் கூடாது."

"சரிங்க அத்தை."

மறுநாள் முகூர்த்தம் நடந்தது. மத்தியானம் மற்ற சாமான்களோடு கீபோர்டையும் டெம்போவில் ஏற்றிச் சாமளாபுரத்துக்கு அனுப்பினோம். அந்த ஒரு கட்டை இன்னும் ஒட்டிக்கொண்டுதான் இருந்தது.