நாற்பது மலைக்கும் செல்லும் பாஸ்

எங்கள் கொலராடோ ஊரில் சாலையில் விழும் பனியைத் தள்ளும் வண்டி ஓட்டுகிறவன் வெண்டல். மலை அவன் வீட்டுக்குப் பின்னாலேயே இருக்கிறது. போன குளிர்காலத்தில் ஒரே ஒரு நாள் அங்கே பனிச்சறுக்கு விளையாடப் போனான். அந்த ஒரு நாள் டிக்கெட், குளிர்காலம் முழுக்கச் சறுக்க விடும் சீசன் பாஸ் விலையில் பாதி! மலையை என்னவோ இந்தச் சறுக்கு கம்பெனிக்காரர்களே குவித்துவைத்ததுபோல.

"கோடையிலயே பாஸ் வாங்கியிருக்கணும் சார்," என்றாள் கவுன்டர் பெண்.

"பனி பெய்யுமான்னு கோடையில எனக்கு எப்படிம்மா தெரியும்?"

"தெரியாதுங்கறதாலதான் சார் அப்ப விலை கம்மி."

பல்லைக் கடித்துக்கொண்டு இந்தக் கோடையில் வாங்கினான். குளிர்காலம் வந்தது, பொட்டுப் பனிகூட விழவில்லை. வண்டி வேலையும் போயிற்று. கவுன்டரில் போய்க் கத்தினான்.

"பணத்தைத் திருப்பிக் குடும்மா!"

"எதுக்கு சார்? ஜப்பான்ல நல்லா பெய்யுதாம். உங்க பாஸ் அங்கயும் செல்லும்."