ஏழாம் நம்பர் டிரவுசர்

எனக்கென்று வாங்கி வைத்திருந்த ஒரு டிரவுசரை நான் கடைசிவரை போடவே இல்லை. நீல நிறம். தொடைப் பக்கம் வெள்ளையில் ஏழு என்று பெரிதாக எண் போட்டிருக்கும். பெரியப்பா வீட்டுக் கொல்லைக் கொடியில், பெரியம்மாவின் உள்பாவாடைக்கு அடியில், வெயிலே படாமல் அது காய்ந்துகொண்டிருக்கும். ஒருநாள் கோலி தேடிப் போனவன் பாவாடையைத் தூக்கிப் பார்த்துவிட்டேன்.

"இது யாருது பெரியம்மா?"

பெரியம்மா வாசல் பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்தாள். "உனக்குத்தாண்டா. பெரியவனானா போட்டுக்குவ. யார்கிட்டயும் சொல்லாத, கண்ணு பட்டுடும்" என்றாள்.

நான் அப்போது மூன்றாம் வகுப்பு. நம்பிவிட்டேன். யாருமே போடாத டிரவுசர் வாரா வாரம் எப்படி அழுக்காகிறது என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை.

பாகூருக்கு இந்தப் பக்கம், கரும்புத் தோட்டங்களை ஒட்டிய தெரு எங்களுடையது. பெரியப்பா வீடும் எங்கள் வீடும் ஒரே சுவரைப் பங்கு போட்டுக்கொண்டவை. எங்கள் வீட்டில் படிப்பை முழுதாக முடித்த முதல் ஆள் நான். ஆனால் அந்தத் தெருவிலிருந்து காலேஜுக்கு பஸ் ஏறிய முதல் ஆள் பெரியப்பா மகளான அக்காதான். பெரியப்பாவைவிட அவள் ஒரு சாண் உயரம். அந்த உயரத்தைப் பார்த்துத்தான் பள்ளிக்கூடத்து விளையாட்டு டீச்சர் அவள் கையில் கூடைப்பந்தைக் கொடுத்தார். அந்தப் பந்து அவளைப் புதுச்சேரியில் ஒரு பெண்கள் கல்லூரியில் கொண்டுபோய்ச் சேர்த்தது. அணியில் இருக்கும்வரை ஃபீஸ் கிடையாது. பந்தை விட்டால் படிப்பையும் விட வேண்டியதுதான்.

இவ்வளவும் பெரியப்பாவுக்குத் தெரியும். தெரியாதது ஒன்றுதான்: அந்த ஆட்டத்தை என்ன உடுத்திக்கொண்டு ஆடுவார்கள் என்பது. அக்கா சுடிதாரில் போய்ச் சுடிதாரில் திரும்பி வந்தாள். ஆட்டமும் சுடிதாரில்தான் நடக்கிறது என்று அவர் இருந்துவிட்டார்.

கரும்பு வெட்டுக்குப் போய்விட்டு வரும் வழியில், தவளக்குப்பம் ஜங்ஷன் டீக்கடையில் யாரோ ஒரு புண்ணியவான் அவர் காதில் போட்டுவிட்டான். "உம் பொண்ணு ஆடற ஆட்டத்துல பொண்ணுங்கல்லாம் அரை டிரவுசர் போட்டுனுதான் ஓடுமாமே, ஆயிரம் பேர் பாக்க?"

பெரியப்பா அங்கே சண்டை போடவில்லை. வீட்டுக்கு வந்து கால் கழுவினார். அக்காவைக் கூப்பிட்டு, "உன் மேட்ச்சு எப்போ?" என்று மட்டும் கேட்டார்.

"ஞாயித்துக்கிழம ஃபைனல்ஸ்பா!" பெருமையில் அக்கா யோசிக்காமல் சொல்லிவிட்டாள்.

"நான் வரேன். என்னதான் ஆடறீங்கன்னு பாக்கறேன். பாத்துட்டு, நீ காலேஜிக்குப் போவறதா, கம்பெனி வேலைக்குப் போவறதான்னு சொல்றேன்."

அக்காவின் முகத்தில் ஓடிக்கொண்டிருந்த சிரிப்பு அப்படியே நின்றது. உள்ளே அடுப்படியில் பெரியம்மா கையிலிருந்து ஏதோ பாத்திரம் விழுந்தது.

தெருவுக்கு இந்தச் சங்கதி எதுவும் தெரியாது. பெரியப்பாவே மகள் ஆட்டத்தைப் பார்க்கக் கிளம்புகிறார் என்றதும் அதைத் திருவிழாவாக்கிவிட்டார்கள். சித்தப்பா தன் குட்டியானையைக் கழுவித் தயாராக நிறுத்தினார். வாடகைக்குச் செங்கல்லும் வைக்கோலும் ஏற்றுகிற வண்டி, அன்றைக்கு எங்களை ஏற்றிக்கொண்டது. ஒரு அன்னக்கூடை நிறைய வேகவைத்த மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, ஒரு தூக்கு நிறையப் புளிச்சோறு. சித்தப்பா இளவட்டத்தில் கபடி ஆடியவர். அந்த ஒரு தகுதியில், உலகத்தில் உள்ள எல்லா ஆட்டத்துக்கும் அவரே விளக்கம் சொல்வார்.

அக்கா காலையிலேயே பஸ்ஸில் போய்விட்டாள். போகும்போது பெரியம்மாவின் காதில், "நீ பயப்படாத, நான் பாத்துக்கறேன்" என்று சொன்னது எனக்குக் கேட்டது. ஜெயித்துவிடுவேன் என்றுதான் சொல்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன்.

அந்த உள்விளையாட்டு அரங்கத்தை அன்றைக்குத்தான் முதன்முதலில் பார்த்தோம். பகல் மூன்று மணிக்கு அத்தனை விளக்கு எரிந்தது. நடுவில் மரத்தரை, குனிந்தால் முகம் தெரிகிற பளபளப்பு. அதைப் பார்த்த மாத்திரத்தில் சித்தப்பா செருப்பைக் கழற்றி வாசலில் விட்டார். அவரைப் பார்த்துத் தெருவே கழற்றிவிட்டது. வாட்ச்மேன், "நீங்க மேல படிக்கட்டுலதான் ஒக்காரப் போறீங்க, போட்டுனே போங்கபா" என்று தலையில் அடித்துக்கொண்டார். "பரவால்ல சார், இருக்கட்டும்" என்று எல்லோரும் வெறுங்காலோடு ஏறினோம்.

விசில், கைத்தட்டல், நடுவே எங்கள் அன்னக்கூடை. எங்களுக்கு மேல் வரிசையில் அக்காவின் கல்லூரியிலேயே படிக்கிற, முதல் வருஷத்துப் பெண்கள் இரண்டு பேர் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தார்கள். பெரியப்பா அவர்களுக்கும் ஆளுக்கு ஒரு கை மல்லாட்டை கொடுத்தார்.

அணிகள் வந்தன. நீல அணி அக்காவுடையது. முதலில் ஓடிவந்த பெண்ணைப் பார்த்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அடுத்தவளைப் பார்த்தேன். அவளும் அதையே போட்டிருந்தாள்.

"பெரியம்மா! அது என் டிர..."

அதற்குமேல் சொல்ல முடியவில்லை. வாய் முழுக்கப் புளிச்சோறு. பெரியம்மாவின் கை அவ்வளவு வேகமாக வேலை செய்து அதற்கு முன்பும் பின்பும் நான் பார்த்ததில்லை.

பெரியப்பா டிரவுசர்களைப் பார்த்தார். ஒவ்வொன்றாக எல்லாவற்றையும் பார்த்தார். கையிலிருந்த மல்லாட்டையைக் கூடையிலேயே திரும்பப் போட்டார். அப்போதுதான் கடைசி ஆளாக அக்கா வந்தாள். அந்தப் புழுக்கத்தில் கழுத்துவரை ஜிப் ஏற்றிய முழுக்கைச் சட்டை, உள்ளே இன்னொன்றைப் போட்டது போல உப்பலாக, கணுக்கால்வரை தொங்கும் பேண்ட். வந்தவள் மற்றவர்களோடு தரையில் இறங்கவில்லை. ஓரத்தில் போட்டிருந்த நாற்காலியில் உட்கார்ந்துகொண்டாள்.

பெரியப்பா விட்ட மூச்சு லாரி டயரில் காற்று இறங்கியது போல இருந்தது. "பாத்தியாடா? எம் பொண்ணு எப்படி அடக்கமா வந்திருக்குது பாத்தியா?" என்று சித்தப்பாவின் முதுகில் தட்டினார்.

விசில் அடித்து ஆட்டம் ஆரம்பித்தது. ஆளாளுக்கு ஓடினார்கள். அக்கா மட்டும் உட்கார்ந்தே இருந்தாள்.

"ஏண்டா, இது இன்னா ஒக்காந்தே இருக்குது?"

சித்தப்பா கொஞ்சமும் தயங்கவில்லை. "ண்ணா, நம்ம கரும்பு வெட்டையே எடுத்துக்கயேன். வெட்டறவன், கட்டறவன், தூக்கறவன் எல்லாம் ஓடினே இருப்பான். நெழல்ல ஒக்காந்திருக்கறவன் யாரு?"

"மேஸ்திரி."

"அவ்ளோதாண்ணா. இதுங்கல்லாம் கூலிக்காரி. நம்ம பொண்ணுதான் மேஸ்திரி."

தெருவே தலையாட்டியது. அதுவரை கேட்டதில் எனக்கு முழுசாகப் புரிந்த விளக்கமும் அதுதான். அக்கா நாற்காலியில் கால் மாற்றி உட்கார்ந்தபோதெல்லாம் நாங்கள் எழுந்து கைதட்டினோம். அக்கா எங்கள் பக்கம் திரும்பவே இல்லை.

பிற்பாடு காலேஜில் சேர்ந்துதான் அந்த ஆட்டத்தின் விதிகளைப் படித்தேன். அன்றைக்குப் பெரியப்பாவே விதிகளை உண்டாக்கிக்கொண்டிருந்தார். ஒரு பெண் பந்தோடு நாலடி நடந்ததற்கு நடுவர் விசில் ஊதினார். "பந்த எடுத்துனு நடந்தா தப்பாமா? அப்பறம் எதுக்குக் கையில குடுத்தான்?" என்று நியாயம் கேட்டார். கூடையைக் காட்டி, "அடியில ஓட்ட. எத்தினி போட்டாலும் ஒழுவினேதான் இருக்கும். இவ்ளோ செலவு பண்ணிக் கட்டடம் கட்டனவனுங்க அத ஒரு தெயல் போடக் கூடாதா?" என்று வருத்தப்பட்டார்.

ஆனால் கொஞ்ச நேரத்தில் வருத்தம் போய்விட்டது. நீல அணியில் குள்ளமாக ஒரு பெண் இருந்தாள். கடற்கரை ஊரான நல்லவாட்டுப் பெண், படகுக்காரர் மகள் என்று மேல் வரிசையில் சொன்னார்கள். அவள் உயரமான பெண்களின் கைக்கடியில் புகுந்து புகுந்து கூடைக்குப் போய்க்கொண்டிருந்தாள். பெரியப்பா மெல்ல முன்னால் சாய்ந்தார். பிறகு எழுந்து நின்றார். பிறகு தோளில் கிடந்த துண்டு கைக்கு வந்தது.

"பாருடா, பாருடா, மீனு மாதிரி வழுக்கினு போறா! போடுடி எம்மா! போடு! ஐயோ, அந்தச் செவப்புச் சட்டக்காரி தள்றாளே! யோவ், விசிலு, தூங்கறியா?"

டிரவுசர்கள் அவர் கண்ணிலிருந்து எப்போது மறைந்தன என்று தெரியவில்லை. பெரியம்மா தரையைப் பார்ப்பதை விட்டுவிட்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பாதி ஆட்டத்தில் நீல அணி பின்தங்கியது. மேல் வரிசைப் பெண்களில் ஒருத்திக்கு அழுகையே வந்துவிட்டது. "ஏழாம் நம்பர் இல்லாம எப்படிடி ஜெயிக்கிறது? செமிஃபைனல்ஸ் முழுக்க அவங்கதான போட்டாங்க? கால்ல அடியா என்னான்னு தெரியலையே."

"யாரும்மா அந்த ஏழாம் நம்பரு?" என்று பெரியப்பா திரும்பினார்.

"எங்க காலேஜ்லயே பெஸ்ட் பிளேயர் அங்கிள். மொகமெல்லாம் தெரியாது, இங்கிருந்து நம்பர்தான் தெரியும். அவங்க பந்த விட்டாங்கன்னா நேரா உள்ளதான். இன்னிக்குக் காணோம்."

அதன்பிறகு பெரியப்பாவைப் பிடிக்க முடியவில்லை. "ஏழாம் நம்பர எறக்கு! ஏழாம் நம்பர எறக்கு!" என்று துண்டைச் சுழற்றினார். தெரு சேர்ந்துகொண்டது, மேல் வரிசை சேர்ந்துகொண்டது. என் டிரவுசரிலும் ஏழுதான் என்பதால் நான் எல்லோரையும்விட உரக்கக் கத்தினேன். அந்தச் சத்தத்தில் அக்கா ஒரு டவலை எடுத்துத் தலைமேல் போட்டு முகத்தை மூடிக்கொண்டாள்.

அணியின் மேடம் அக்காவிடம் குனிந்து ஏதோ சொன்னார். அக்கா தலையாட்டி மறுத்தாள். மேடம் முட்டி போட்டு உட்கார்ந்து கெஞ்சினார். அக்கா டவலுக்குள்ளிருந்து முகவாயால் எங்கள் பக்கம் காட்டினாள். மேடம் எங்களை நிமிர்ந்து பார்த்த பார்வை நல்ல பார்வையாக இல்லை. எங்கள் மல்லாட்டைத் தோலைப் பார்க்கிறார் என்று நினைத்து, காலடியில் கிடந்ததை அவசரமாகப் பொறுக்கினேன்.

கடைசி நிமிஷம் வந்தது. நல்லவாட்டுப் பெண் எறிந்த பந்து கூடையின் விளிம்பில் சுற்றிச் சுற்றி வந்து வெளியே விழுந்தது. ஒரே ஒரு கூடையில் நீல அணி தோற்றது. அந்தப் பெண் தரையில் உட்கார்ந்துவிட்டாள். அக்கா ஓடிப்போய் அவளைத் தூக்கினாள். அன்று முழுக்க அக்கா அந்தத் தரையில் கால் வைத்தது அப்போது மட்டும்தான்.

வெளியே வந்தபோது வாசலில் எங்கள் செருப்புகளில் பாதி இல்லை. சித்தப்பாவுக்கு ஒற்றைச் செருப்பு மிஞ்சியிருந்தது. அதையும் விட மனமில்லாமல் கையில் எடுத்துக்கொண்டார்.

அக்காவையும் ஏற்றிக்கொண்டு திரும்பி வரும் வழியெல்லாம் பெரியப்பாவின் ஆட்ட விமர்சனம்தான். நல்லவாட்டுப் பெண்ணை அரியாங்குப்பம் தாண்டும்வரை பாராட்டினார். சிவப்புச் சட்டை உயரக்காரியைத் தவளக்குப்பம்வரை திட்டினார். எதைப் பார்க்கப் போனாரோ அதைப் பற்றி ஒரு வார்த்தை வரவில்லை. பாகூர் ரோடு திரும்பியதும் அக்காவிடம் வந்தார்.

"ஏண்டி, அத்தினி பொண்ணுங்க உசுரக் குடுத்து ஓடுதுங்க. நீ போத்திக்கினு ஒக்காந்திருக்கற. வூட்லயும் இப்படித்தான், அங்கயும் இப்படித்தான். ஒங்கம்மா ஒடம்பு வாகு."

"நான் இன்னா பண்ணேன்?" என்றாள் பெரியம்மா.

"அந்த ஏழாம் நம்பரப் பாரு, ஆடாமலே பேரு வாங்கறா. நீயும் இருக்கற. சரி, காலேஜிக்குப் போ. ஆனா அடுத்த வருஷமாவது அந்தச் சேர விட்டு எறங்கற வழியப் பாரு. அத்தினி பேர் முன்னால எனக்கு மானம் போவுது."

அக்கா சிரிக்க ஆரம்பித்தாள். வண்டிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். பிறகு துப்பட்டாவில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். நெடுநேரம் நிமிரவில்லை. திட்டு வாங்கியதில் அவளுக்கு மனசு கஷ்டம் என்று நினைத்தேன். ஆறுதல் சொன்னேன்: "நீ எதுக்குக்கா எறங்கணும்? நீதான மேஸ்திரி." அவள் என் கன்னத்தைக் கிள்ளிய இடம் வீட்டுக்கு வந்த பிறகும் எரிந்தது.

மறுநாள் காலை கொல்லையில் பல் விளக்கிக்கொண்டிருந்தேன். துண்டை எடுக்க வந்த பெரியப்பா கொடியை இழுத்தார். ஈரப் பாவாடை வழுக்கிக் கீழே விழுந்தது. நீல டிரவுசர் சொட்டச் சொட்ட அவர் முன்னால் தொங்கியது.

அவர் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். அந்த எண்ணின் மேல் விரலை வைத்து மேலிருந்து கீழே ஒரு கோடு இழுத்தார்.

"இது யாருதுடா?"

பெரியம்மா சொல்லக் கூடாது என்றிருந்தாள். ஆனால் கேட்பது பெரியப்பா. "என்னுது பெரியப்பா. பெரியவனானா போட்டுக்குவேன்" என்றேன்.

"உன்னுதா?"

"ஆமா. கண்ணு பட்டுடும்னு உள்ள காய வெச்சிருக்கு."

பெரியப்பா கொடியை விட்டார். மாட்டுக் கொட்டகைப் பக்கம் பார்த்துத் துண்டால் முகத்தைத் துடைத்தார். முகம் கழுவாமலே ஏன் துடைக்கிறார் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு டிரவுசரை எடுத்துப் பிழிந்து, உதறி, வீட்டைச் சுற்றிக்கொண்டு தெருப் பக்கம் போனார். வாசலில் வேட்டி காயப் போடுகிற கொடியில், நட்ட நடுவில், எண் வெளியே தெரிகிற மாதிரி விரித்துப் போட்டார். இரண்டு பக்கமும் கிளிப் மாட்டினார்.

தண்ணீர்க் குடத்தோடு வந்த பெரியம்மா நடுத்தெருவில் அப்படியே நின்றாள். உள்ளேயிருந்து அக்கா வாசல்வரை வந்தாள், நிலைப்படியைப் பிடித்துக்கொண்டாள். பெரியப்பா வெட்டுக் கத்தியை எடுத்துக்கொண்டு கரும்புக்குப் போய்விட்டார்.

இவர்களுக்கெல்லாம் என்ன ஆயிற்று என்று எனக்கு ஒன்றும் புரியவில்லை. வெயில் சுள்ளென்று ஏறிக்கொண்டிருந்தது. நான் பெரியவனாவதற்குள் என் டிரவுசரின் சாயம் வெளுத்துவிடுமே என்பதுதான் எனக்கிருந்த கவலை.